புதிய செலரானா, பழைய திங்க்பேடா?

வணக்கம் நண்பரே. மகளின் பி.காம் படிப்புக்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களைச் சேமிக்கும் மலிவான சிப்) உள்ள புதிய செலரான் (இன்டெலின் மலிவு பிராசஸர்) லேப்டாப் வாங்குவதா, சென்னை ரிச்சி தெருக் கடையில் காட்டிய பழைய லெனோவா திங்க்பேட் டி480 லேப்டாப் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் திங்க்பேடை வாங்குங்கள்.

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அந்தப் புதிய மெஷின் முதல் நாளே திணறும். இஎம்எம்சி போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பின்னால் மாற்றவும் முடியாது. எக்செலும் நாலைந்து குரோம் டேபும் சேர்ந்து திறந்தால் பிள்ளைக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

டி480-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். ஆனால் சில டி480 ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸருடன் வந்தவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, 11-க்கு எட்டாம் தலைமுறை வேண்டும். அதனால் எட்டாம் தலைமுறையான ஐ5-8250யு அல்லது 8350யு என்று இருக்கிறதா, செட்டிங்ஸில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அப்புறம் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போகும்போது பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷின் வேண்டவே வேண்டாம், அந்தப் பூட்டை எடுப்பது பெரும்பாடு. பேட்டரி தேய்ந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், வெளிப் பேட்டரியை எளிதாகக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். பில்லில் சீரியல் நம்பரும் வாரண்டி மாதங்களும் எழுதி வாங்க மறக்காதீர்கள்.