மலேசியாவின் கேமரன் மலையில் வீட்டு வாசலுக்கு எது நல்லது, ஜப்பானிய மேப்பிளா, சகுரா என்கிற ஜப்பானியச் செர்ரியா? இரண்டுமே குளிர் தாங்குமாமே?

தாங்கும், யார் இல்லை என்றது? மேப்பிள் மைனஸ் 29 டிகிரி வரைகூடத் தாங்கும். ஆனால் இந்த மலையிலிருக்கும் எங்கள் ரிங்லெட் ஊரில் ராத்திரிகூட 15 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். தாங்குவதற்கு இங்கே குளிர் எங்கே இருக்கிறது? இலையை உதிர்த்துவிட்டுப் பனிக்காலம் முழுக்கத் தூங்கி எழுகிற சாதி அது. செர்ரி, ஆப்பிளும் அப்படித்தான். பல ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும்.

இதை என் மச்சினனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "தேயிலையத் தவிர உங்களுக்கு என்ன மாமா தெரியும்?" என்றான். சாலையோரச் செடிக்கடையில் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு சகுரா வாங்கி வந்தான். ஒரு கிளையில் நுனியில் மட்டும் கொத்தாக இலை, அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு மொட்டை. பக்கத்துக் கிளையில் அரும்பு கட்டியது கட்டியபடியே கருகியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும், அதனால் பிடுங்கவும் மனசு வராது. கோழி எருவாகக் கொட்டிப் பார்த்தான். இப்போது அதில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை, தேயிலைத் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்த்தவன். 'எங்கள் சித்தப்பா வீட்டில் மேப்பிள் இருக்கிறதே' என்று யாரும் கிளம்ப வேண்டாம். தொட்டியில் ஒன்றிரண்டு பிழைக்கும், படத்தில் பார்க்கிற அந்தச் சிவப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்காவது நடுவதற்குச் சொந்த மண் இருக்கிறது. என் அப்பா ஓய்வு பெற்றதும் தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் வைத்த வெண்ணெய்ப்பழ மரம் அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. அதற்கு ஒரு காசு கணக்கில்லை. வேலை செய்த வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தவர்களுக்கு மரம் கண்ணில் படவில்லை. சரி, அதை விடுங்கள்.

பாட்டில்பிரஷ் வையுங்கள். ஆஸ்திரேலியா மரம், பனியும் கேட்காது, வாசலுக்கு அளவாக நிற்கும், சிவப்புப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிறார்களே, அந்த அரௌகேரியாவை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள், 50 மீட்டர் போகும். பூத்துக் கொட்டுகிற சகுரா அழகுதான் வேண்டும் என்றால் கீழே அடிவாரத்துத் தாப்பா ஊர்ப் பக்கம் தெகோமா என்கிற பூமரம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், வெயில் காய்ந்த பிறகு பூக்கும். உங்கள் இடம் சரிவு என்றால் அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் தடுப்புச் சுவரைப் பாருங்கள், அப்புறம் குழி வெட்டலாம்.