பட்டப்பகலில் ரத்தக்காட்டேரி: பழைய பேய்ப்பட டிஸ்க் குறித்து வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1922-இல் வந்த ஜெர்மன் ஊமைப்படம் ‘நோஸ்ஃபெராட்டு’வுக்குப் பல டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்று முழுக்கக் கறுப்பு-வெள்ளை, இன்னொன்று நீலமும் மஞ்சளுமாக மாறி மாறி வருகிறது. கறுப்பு-வெள்ளைதானே அசல்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை, சாயம் ஏற்றியதுதான் அசல். இரவுத் தெருவை இரவிலேயே படம் பிடிக்கும் அளவுக்கு அந்தக் காலத்து ஃபிலிமுக்கு ஒளியை வாங்கும் திறன் கிடையாது. இயக்குநர் முர்னாவ் வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்தார். பிறகு பிரிண்டில் சாயம் ஏற்றி, இரவுக்கு நீலம், அறைக்குள்ளே மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு என்று பிரித்துக் காட்டினார்கள்.

சாயத்தை எடுத்துவிட்டால் கதையே ஆட்டம் கண்டுவிடும். படத்தின் காட்டேரியான ஓர்லாக் பிரபு சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கும் இடத்தைப் பாருங்கள். நீலத்தில் அது ஆளரவமற்ற நடுநிசி. வெறும் கறுப்பு-வெள்ளையில் வெயில் அடிக்கும் தெரு. இந்தப் படத்துக்கு மூலம் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல்; அதில் டிராகுலா பகலிலும் நடமாடுவார். வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்ற வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். வெயிலில் சாவகாசமாகப் பெட்டி சுமந்தவர் கடைசியில் விடியல் பட்டுக் கரைந்துபோனால் யார் நம்புவார்கள்? டிஸ்க்கைப் போட்டதும் இந்த இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

நல்ல டிஸ்க்குகளுக்கு அடிப்படை, முர்னாவ் அறக்கட்டளையின் 2005–06 மீட்டெடுப்பு. பாரிஸின் சினிமாதெக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகத்தில் இருந்த 1922-ஆம் ஆண்டுச் சாயப் பிரிண்ட்தான் அதற்கு ஆதாரம். விடுபட்ட ஷாட்களை வேறு பிரிண்ட்களிலிருந்து சேர்த்தார்கள். டைட்டில் கார்டுகளையும் கவனியுங்கள். நாவலுக்கு உரிமை வாங்காமல் எடுத்த படம் என்பதால் பெயர்களை மாற்றியிருந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலப் பிரதிகள் சிலவற்றில் ஓர்லாக்கை மறுபடி டிராகுலா ஆக்கிவிட்டார்கள். கதாநாயகன் பெயர் ஹுட்டர் என்று வர வேண்டிய இடத்தில் ஹார்க்கர் என்று வந்தால் அது அந்த வழிப் பிரதி.

கீறல்களுக்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். ஸ்டோக்கரின் மனைவி தொடர்ந்த வழக்கில் பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-இல் உத்தரவானது. தப்பிப் பிழைத்த பிரிண்ட்களைக் கொண்டு ஒட்டுப்போட்ட படத்தில் கீறல் இருக்கத்தான் செய்யும். மாடிப்படிச் சுவரில் ஏறும் நிழலின் விரல்கள் தனித்தனியாகத் தெரியாமல் மொத்தையாகக் கறுத்திருந்தால், அதற்குக் குறைக்கலாம்.

கேள்வி: அதே படத்துக்கு ஒரு டிஸ்க் உறையில் 94 நிமிடம், இன்னொன்றில் 65-க்குள். வெட்டிவிட்டார்களா?
– ஈரோடு வாசகர்

பதில்: ஓரளவு வெட்டு, பெரும்பகுதி வேகம். கணக்கு எளிது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52.5 ஃப்ரேம். படத்தின் நீளம் 1,967 மீட்டர், அதாவது சுமார் 1,03,000 ஃப்ரேம். நொடிக்கு 18 வீதம் ஓட்டினால் 95 நிமிடம். பேசும்படத்துக்குரிய 24 வீதம் ஓட்டினால் 72 நிமிடம். அதற்கும் கீழே போனால் ஃபிலிமே குறைகிறது என்று பொருள்.

வேகம் கூடினால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். பயம் போய்ச் சிரிப்பு வரும். அதைவிடப் பெரிய நஷ்டம், காட்டுக்குள் வரும் கோச்சு வண்டிக் காட்சி. அதை முர்னாவ் வேண்டுமென்றே தாறுமாறான வேகத்தில் எடுத்தார். நடுவே மரங்கள் வெள்ளையாகத் தெரியும் நெகட்டிவ் ஷாட் ஒன்றும் உண்டு. (அதை டிஸ்க்கின் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.) படம் முழுக்க வேகமாக ஓடினால் இந்த வண்டியின் விபரீதம் தனித்துத் தெரியாது.

நொடிக்கு 18 ஃப்ரேமை டிஸ்க்கின் 24-க்குள் அடைக்க, மூன்று ஃப்ரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டுவார்கள். நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினால் ஓர் ஃப்ரேம் அசையாமல் நிற்கும், அது சரிதான். இரண்டு உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிழலாடினால், ஃப்ரேம்களைக் கலந்து மாற்றியிருக்கிறார்கள், அதை வாங்காதீர்கள்.

கேள்வி: 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ விலை கூடிய டிஸ்க்கில் புள்ளிப் புள்ளியாகத் தெரிகிறது, மலிவு டிஸ்க்கில் வழவழப்பாக இருக்கிறது. எது நல்லது?
– கோவை வாசகர்

பதில்: அந்தப் புள்ளி ஃபிலிமின் மணித்துகள், படமே அதனால் ஆனது. தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், இந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் டிஸ்க் போடலாம். அதனால் சந்தையில் பிரதிக்குப் பிரதி எடுத்தவை ஏராளம். அசல் நெகட்டிவிலிருந்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் 4கே-யில் மீட்டெடுத்ததை 2018-இல் கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனம் வெளியிட்டது. அதை அளவுகோலாக வையுங்கள்.

தொடக்கக் கல்லறைக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். கல்லைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியது. முகம் மெழுகு பூசியதுபோல இருந்து, தலைமுடி ஒரே திட்டாகத் தெரிந்தால் துகளோடு விவரத்தையும் துடைத்துவிட்டார்கள். தீர்ப்புக்கு முன் டிவியின் ஷார்ப்னெஸ்ஸை நன்றாகக் குறைத்து, நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாதிக் குற்றம் டிவியுடையதாக இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டு டிஸ்க் இங்கே ஓடுமா?
– திருச்சி வாசகர்

பதில்: ப்ளூ-ரேயில் அமெரிக்கா ‘ஏ’ மண்டலம், பிரிட்டன் ‘பி’, இந்தியா ‘சி’. வேறு மண்டலத்துக்கு மட்டும் ஓடும்படி பூட்டிய டிஸ்க்கானால் நம் பிளேயரில் ஓடாது. எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் வேண்டும். 4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு இல்லை, ஆனால் அதே பெட்டிக்குள் வரும் சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம். கூடுதல் பேட்டிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும் என்பதால், உறையின் பின்பக்கத்தில் உள்ள மண்டல எழுத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.