வாடகைக்குச் சிறை

அன்புள்ள ஐயா,
நெதர்லாந்தில் கைதிகள் இல்லாமல் சிறைகளை மூடுகிறார்களாம், நார்வேயில் சிறை விடுதி போல இருக்கிறதாம். எப்படிச் சாதித்தார்கள்? காலில் மின்னணுப் பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பும் முறை நமக்கு ஒத்துவருமா?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

வெளியிலிருந்து பூட்டுகிற அறையில் மெத்தை எப்படி இருந்தால் என்ன? 'விடுதி' என்று யாரோ எழுதினால் அப்படியே நம்பிவிடுவதா? நெதர்லாந்துச் செய்தியும் பழசு. இப்போது அங்கே அறையும் போதவில்லை, காவலர்களும் போதவில்லை.

ஆனால் அந்தக் காலிச் சிறைகள் கொஞ்ச நாளாகவே என்னைக் குடைந்துகொண்டிருக்கின்றன. 2015இல் நோர்கர்ஹாவன் என்ற சிறையை நெதர்லாந்து நார்வேக்கு வாடகைக்கு விட்டது. 242 இடங்கள். சட்டமும் தலைமை அதிகாரியும் நார்வேயிலிருந்து, காவலர்கள் டச்சுக்காரர்கள். சிறை இருக்கும் ஊரே ஒரு விநோதம். 19ஆம் நூற்றாண்டில் ஏழைகளையும் பிச்சைக்காரர்களையும் திருத்துவதற்கென்று கொண்டுவந்து அடைத்த குடியிருப்பு அது. பழைய கட்டடங்களின் நெற்றியில் இன்றும் நீதிமொழிகள். மருந்துக்கடையாக இருந்த வீட்டில் 'கசப்பும் இனிப்பும்' என்று எழுதியிருக்கும்.

சிறைக்குள்ளும் வாழ்க்கை வெளியே போலவே இருக்கவேண்டும் என்று உலகத்துக்குப் பாடம் எடுத்த நாடு நார்வே. தண்டனை அனுபவிக்க ஆயிரம் பேருக்கு மேல் வரிசையில் நின்றதும் ஆட்களை விமானத்தில் ஏற்றிவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளை ஸ்கைப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2018இல் அது முடிந்தது. யோசனை முடியவில்லை. தண்டனைக்குப் பின் நாடுகடத்தப்பட இருக்கும் வெளிநாட்டவருக்காக டென்மார்க் கொசோவோவில் 300 அறைகளைப் பேசி வைத்திருக்கிறது. கும்பல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போன ஸ்வீடன், எஸ்டோனியாவின் டார்ட்டு சிறைக்கு 600 பேர் வரை அனுப்ப 2025இல் ஒப்பந்தம் போட்டது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள், மத்திய சிறையிலிருந்த மகனை மனு பார்க்கப் போவார். விடியற்காலை பஸ், வாசலில் காத்திருப்பு, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் சில நிமிஷம். சுற்றிலும் எல்லோரும் கத்துவதில் பாதி காதில் விழாது. திரும்பி வந்து "இளைச்சுட்டான்" என்பார். அவ்வளவுதான் சேதி. ஆனால் அடுத்த தடவை போகும்வரை இருவருக்கும் அதுதான் பிடிமானம். ஒரே பஸ் தூரம் என்பதால் அது நடந்தது. ஸ்டாக்ஹோமில் ஒரு தாய் கடல் தாண்டிப் போகவேண்டும். மறுவாழ்வு, திருத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

காலில் கட்டும் பட்டை ஸ்வீடனில் 1994இலிருந்தே இருக்கிறது. கட்டுவது சுலபம், கட்டியபின் பின்தொடர ஆள் வேண்டும். நம் ஊருக்கு ஒத்துவருமா என்பதை அப்புறம் எழுதுகிறேன்.