உங்கள் பெயரிலும் ஒரு விண்ணப்பம்

அம்மா, சனிக்கிழமை மகனின் கல்லூரிச் சேர்க்கை பற்றிக் கேட்க பாபநாசத்தில் பஸ் ஏறி, கும்பகோணத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்ததும், பையிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்தீர்கள். கடைசிப் பக்கத்தில் நாத்தனார் மகள், எதிர்வீட்டுப் பையன், அண்ணன் மகன் என்று ஏழு பிள்ளைகளின் கட்-ஆஃப். அடியில் உங்கள் மகனுடையது, இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தது. நோட்டோடு பிரஷர் மாத்திரை அட்டையும் வந்து விழுந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. கேட்டதற்கு, "முதல்ல அவன் கவலை தீரட்டும் சார்" என்றீர்கள்.

மகன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அது வந்தாயிற்று, நீங்கள் தூங்காமல் கிடந்தால் ஒரு மார்க்கும் ஏறாது. இனி எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்துவதுதான் பாக்கி. அதை அவனே போடட்டும். சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றனவா, கெடு தேதி தவறாமல் போகிறதா என்று மட்டும் பாருங்கள். நட்ட பயிர் சில நாள் வெளுத்துத்தான் நிற்கும். வேர் விட்டதா என்று யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை. விவசாய வீட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? நாத்தனார் மகள் எங்கே சேர்ந்தால் என்ன? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

அப்புறம் உங்கள் விஷயம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் பள்ளியிலேயே நான்தான் முதல் என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகம் தெளிந்தது அந்த ஒரு நிமிடம்தான். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர வயது வரம்பு கிடையாது. ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடக்கும். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம், அறுவடை நேரத்தில் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. தமிழிலேயே படிக்க விருப்பம் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் விசாரிப்போம். கூடவே டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அரிசி ஆலையோ உரக்கடையோ, கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரிந்த ஆள் இல்லாமல் முடியாது.

மகனின் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்கும்போது உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் ஒன்று எடுத்துவிடுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரை இந்த வாரமே பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது அவனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கு உங்கள் விண்ணப்பத்தைப் போடுவோம்.