பக்கவாதம் வந்தால் தாய்மொழி மறந்து, பிழைப்புக்குக் கற்ற மொழி மட்டும் நிற்குமா?

சிலருக்கு அப்படி நேரும். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஆனால் "மறந்து" என்ற சொல்தான் தப்பு.

அப்பா ராமேஸ்வரம் கோயிலில் 30 வருஷம் வாளி பிடித்தவர். வடநாட்டு யாத்திரிகர்களை 22 தீர்த்தத்துக்கும் கூட்டிப்போய், இறைத்துத் தலையில் ஊற்றுவார். பகல் முழுக்க இந்தி, வீட்டுக்கு வந்தால் தமிழ்.

பக்கவாதம் வந்த பத்தாம் நாள் செம்பைக் காட்டி "பானி" என்றார். 'தண்ணி' வரவில்லை. தெருவில் "புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. ராத்திரி மாத்திரையைக் காலையில் எடுத்து நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். புத்தி பேதலித்தவரா அவர்?

1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற ஓரசைதான் வாயில் வந்தது. பிறர் பேசுவது பெரும்பாலும் விளங்கியது. இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பகுதியில் சேதம். 1874-ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது வேறு வகை: பேச்சு தங்குதடையின்றி ஓடும், பொருள் இருக்காது. அப்பாவுக்கு முதல் வகை.

இருமொழிக்காரர் ஒன்றில் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. மூளை அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் வேண்டாத மொழி முந்திக்கொள்ளும். நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895-ல் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். சிறுவயது மொழிதான் நிற்கும் என்பது ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளரின் கருத்து. இரண்டுமே விதியல்ல. பெரும்பாலானவர்களுக்கு இரு மொழியும் சேர்ந்தே மீளும்.

பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபடி சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினோம். ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும் என்பதுபோல் கேட்டோம். சொல்லுக்குத் தவிக்கும்போது நாங்கள் முந்திச் சொல்லவில்லை, காத்திருந்தோம். இதுதான் ரொம்பக் கஷ்டம். இந்தி வந்தால் தடுக்கவும் இல்லை.

அம்மா பெயர் சரஸ்வதி. அப்பாவுக்கு "சரசு". அதைச் சொல்ல முடியாமல் விரலால் கட்டிலைத் தட்டுவார். ஆனால் நான் "மகாலட்சுமி தீர்த்தம்" என்று எடுத்துக் கொடுத்தால், "சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி" என்று கோடி தீர்த்தம் வரை ஒரே மூச்சில் போய்விடும். வாய்ப்பாடு, பாட்டு, பிரார்த்தனை மாதிரி நாக்கில் ஊறிய வரிசை அது. தேடி எடுக்கும் சொல்லுக்கு வழி வேறு. அம்மா பெயரைத் தாண்டிப் போவது தெரியாமலே தாண்டிப் போவார்.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம் நாலாவது தீர்த்தத்தில் நின்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "ச... சர... சரசு" என்றார். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.