இரண்டு திரைகளும் சுற்றுக்குச் சுற்று விலகுகின்றன: முள்ளோடை எல்லை வீடியோ

முள்ளோடை எல்லையின் இரு பக்கங்களையும் எடுத்த வீடியோக்களை இரண்டு பென்டிரைவில் போட்டு, இரண்டு புரொஜெக்டரில் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள்; போகப் போக இரண்டும் விலகுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பென்டிரைவையும் விட்டுவிடுங்கள். முள்ளோடையின் புதுச்சேரிப் பக்கத்தையும் கடலூர்ப் பக்கத்தையும் எடிட்டிங் மென்பொருளில் 3840×1080 (இரண்டு 1920×1080 திரை அகலம்) டைம்லைனில் அக்கம்பக்கமாக வைத்து ஒரே கோப்பாக எடுங்கள். ஒரே கணினியிலிருந்து இரண்டு புரொஜெக்டருக்கும் அனுப்பினால் விலகாது.

நாலைந்து சுற்றுக்குப் பிறகுதான் மூன்று வினாடி பிசகுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் கோப்பில் குறையில்லை. முடிந்து மறுபடி தொடங்கும்போது ஒரு புரொஜெக்டர் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அதுதான் சேர்ந்துகொண்டே போகிறது.

உறுதிசெய்ய, இரண்டு கோப்பிலும் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து ஃபிரேம் வெள்ளை வைத்து, இரண்டு திரையும் ஒன்றாக மின்னுகின்றனவா என்று பாருங்கள். ஒரே சுற்றுக்குள்ளேயே இடைவெளி வளர்ந்தால் காரணம் வேறு: செல்போன் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவுசெய்திருக்கும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வினாடிக்கு நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பேருந்து இடது திரையை விட்டு வலது திரைக்குள் நுழையும் இடத்தைத்தான் சோதிக்க வேண்டும். அங்கே கால் வினாடி தவறினாலும் கண் பிடித்துவிடும். கடற்கரைக் காட்சியில் இரண்டு வினாடி போனாலும் யாருக்கும் தெரியாது.

ஓட்டும்போது முழுத்திரை பொத்தானை அழுத்தாதீர்கள், படம் ஒரே திரையில் அடங்கிவிடும். எம்பிவி (mpv) என்ற வீடியோ பிளேயரில் விளிம்பில்லாத சாளரமாக, அதே 3840×1080 அளவில், இடது புரொஜெக்டரின் மேல் மூலையிலிருந்து திறவுங்கள். விண்டோஸில் இரண்டு திரைக்கும் ஸ்கேலிங் (காட்சி அளவைப் பெரிதாக்கும் அமைப்பு) 100 சதவீதம் இருக்கட்டும்.

ஒன்று கவனம்: லேப்டாப்பில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ துளை ஒன்றுதான் இருக்கும். இரண்டாவதை யூஎஸ்பி-சி வழியாக எடுக்கலாம், ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. சாதாரண எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கிவிடாதீர்கள். அது ஒரே படத்தை இரண்டிலும் காட்டும்.