மதுரை – சென்னை: விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வான்வழியில் நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ, சாலையில் 460 கி.மீ வரும். டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று போட்டிருந்தாலும் ஆகாயத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து சென்னையில் போய் நிற்பது வரை சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஏடிஆர் எனப்படும், இறக்கையில் சுழலும் விசிறிகள் கொண்ட சிறிய விமானம் என்றால் 10, 15 நிமிடம் கூடும்; அதன் வேகம் ஜெட்டைவிடக் குறைவு.

பலர் கோட்டைவிடுவது தரையில்தான். மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையம் 12 கி.மீ தான், ஆனால் வில்லாபுரம், அவனியாபுரம் நெரிசலில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். மாட்டுத்தாவணியிலிருந்து வந்தால் ரிங் ரோடே நல்லது. லக்கேஜ் கவுண்ட்டரைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள்.